காற்றை வாடகைக்கு விடலாமே!

குளிர் நாடுகளில் இப்போது ஒரு புதுப் பேச்சு. ஹீட்டரை விற்க வேண்டாம், வெதுவெதுப்பை மட்டும் விற்றால் போதுமாம். கருவியை வைப்பதும் பழுது பார்ப்பதும் நிறுவனத்தின் பொறுப்பு. வீட்டுக்காரர் மாதச் சந்தா கட்டிவிட்டுப் போகலாம்.

நம்மூருக்கு எதற்கு ஹீட்டர் என்று சிரிக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். உருக்காலையில் ஷிப்ட் முழுக்க வெந்துவிட்டு வந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மறுபடியும் வேக வேண்டும்.

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் மாதம் 20 யூனிட் மிச்சம். ஆனால் விலை கூடுதல். கரண்ட் பில் தன் தலையில் விழாததால் வீட்டு உரிமையாளர் வாங்க மாட்டார். அடுத்த வருஷம் எந்த ஊரோ என்று குடியிருப்பவரும் வாங்க மாட்டார்.

இதற்கு வழி இருக்கிறது. 2014இல் புதுச்சேரியில் 10 ரூபாய்க்கு எல்.ஈ.டி. பல்பு கொடுத்தார்கள். மீதி விலையை, மிச்சமாகும் மின்சாரத்தைக் கணக்கிட்டு, மின்துறை தவணையாக இ.இ.எஸ்.எல். நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு. விசிறிக்கும், கூரைக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் அதையே செய்யலாம். இலவச யூனிட் பெறும் வீடுகளில் மிச்சமாவது அரசின் மானியப் பணம்தானே? அங்கே தவணையை அரசே கட்டட்டும்.

என்னைக் கேட்டால் ஒரே நிபந்தனைதான்: விசிறி ஓடாத நாளுக்குக் காசு வாங்கக்கூடாது. அப்போதுதான் ரிப்பேர்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?