மாற்றுச் சான்றிதழ் தீர்ப்பாகுமா?

சென்ற கல்வியாண்டின் நடுவில் ஒரு மாலை வேளை. தாயும் தந்தையுமாக இருவர் தம் எட்டு வயது மகனுடன் பங்கு இல்லத்திற்கு வந்தனர். ஆட்டிசம் உள்ள சிறுவன். தந்தையின் கையில் ஒரு பள்ளியின் மாற்றுச் சான்றிதழ். விலகும் காரணம் 'பெற்றோரின் வேண்டுகோள்' என்று அதில் எழுதப்பட்டிருந்தது. "நாங்க எதையும் கேக்கலீங்க சாமி. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம்" என்றார் தாய்.

அந்த ஒற்றை வரிப் பொய்யே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

சிறப்புக் கவனம் வேண்டும் குழந்தையின் பொருட்டுப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே பிணக்கு எழுவது இயல்பே, அது குற்றமன்று. குழந்தையை வெளியே அனுப்பிவிட்டு, பிணக்குத் தீர்ந்தது என்று கோப்பை மூடுகிறோமே, அதுதான் குற்றம். வழக்காடும் இருவரில் ஒருவரே நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து எழுதும் தீர்ப்பை நீதி என்று எவர் ஏற்பார்?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் அனைத்தும் பாகுபாடின்றிக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவும், அவரவர் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தரவும் அரசு முயல வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை நம்மவர் சிலர் கேடயமாக ஏந்துவர். ஆனால் 16ஆம் பிரிவில் சிறுபான்மைப் பள்ளிகளுக்கென்று எந்த விலக்கும் எழுதப்படவில்லை. பள்ளியை நடத்தத்தான் நமக்கு உரிமை தந்தார்கள். நலிந்த குழந்தையைப் படியிறக்குவதற்கன்று.

ஆசிரியர்கள் தரப்பையும் அறிவேன். ஐம்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பில், பயிற்சியோ துணையோ இல்லாமல் தனித்து நிற்கும் ஆசிரியையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. தொடக்கநிலையில் பத்துச் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. அப்படி ஒருவரைக் கேட்டுப் போராட வேண்டிய ஆசிரியையும் பெற்றோரும் ஒரே அணியினர் அல்லரா? அவர்களை எதிரெதிரே நிறுத்திவிட்டு, நிர்வாகம் ஒதுங்கி நிற்பது எவ்வகை நியாயம்?

பெற்றோரும் சிலவற்றை உணர வேண்டும். மருத்துவர் கூறியதைச் சேர்க்கையின்போது மறைப்பதும், பிறகு வகுப்பறை வாசலில் கூச்சலிடுவதும் குழந்தைக்கு நன்மை தரா. எனினும், உண்மையைச் சொன்னால் இடம் கிடைக்காது என்ற அச்சத்தை அவர்கள் மனத்தில் விதைத்தவர் யார்?

அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் நடைமுறையிலுள்ள ஒரு விதியைக் கேளுங்கள். பெற்றோர் விசாரணை கோரினால், பதினைந்து நாள்களுக்குள் பள்ளி நிர்வாகம் அவர்களை அழைத்துப் பேச வேண்டும். கட்டணமின்றி இணக்கம் பேச ஒரு நடுவரும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, வழக்கு முடியும்வரை குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆபத்தானவன் என்று கூறிப் பள்ளி தன்னிச்சையாக நீண்ட காலம் வெளியேற்றுவதைக்கூட 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயுதம், போதைப்பொருள் போன்றவற்றிற்குச் சில விலக்குகள் பின்னர் வந்தன. வழக்கறிஞரை அமர்த்த இயலாத ஏழைகள் அங்கும் திணறுகின்றனர் என்பதும் மெய்யே. ஆயினும் அவ்விதியின் சாரம் நமக்குப் பாடம்: முதலில் குழந்தை இருக்கட்டும், பிறகு பெரியவர்கள் வாதாடட்டும்.

இங்கோ முதலில் குழந்தை போகிறது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் விசாரணை முடியும்வரை சிறுவனின் கல்வியாண்டு காத்திருக்குமா?

ஆகவே தாளாளர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். பேச்சு முடியும்வரை எக்குழந்தைக்கும் மாற்றுச் சான்றிதழ் தராதீர்கள். குழந்தைக்கு யார், எதை, எப்போது செய்வது என்பதைத் தாளில் எழுதி, பெற்றோர் கையில் ஒரு படி கொடுங்கள். உடன்பாடு எட்டாவிடில், நிர்வாகத்தின் ஊதியம் பெறாத, சிறப்புக் கல்வி அறிந்த ஒருவரை நடுவில் அமர்த்துங்கள். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. தவறினால் திருத்திக்கொள்ளும் மனம் ஒன்றே வேண்டும்.

அன்று அச்சிறுவன் என் மேசைமீதிருந்த எழுதுகோல்களை நீள வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்று கீழே உருண்டு விழுந்தபோது, குனிந்து எடுத்து அதற்குரிய இடத்திலேயே மீண்டும் வைத்தான். அதை எறிந்துவிட்டால் வரிசை சீராகிவிடும் என்று அவன் எண்ணவில்லை. நாம் மட்டும் ஏன் எண்ணுகிறோம்?