பூமிக்கும் வளையம் இருந்தால்... போட்டோவுக்கு சூப்பர், சம்பாவுக்கு?

சனி கிரகத்துக்கு இருப்பதுபோல பூமிக்கும் வளையம் இருந்தால் எப்படி இருக்கும்? ஊருக்கு மேலே வெள்ளி வானவில் மாதிரி பளபளக்கும் படங்கள் சோஷியல் மீடியாவில் அடிக்கடி சுற்றுகின்றன. பார்க்க செம்ம! ஆனா, அந்தப் படங்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

முதலில், அது அவ்வளவு வெள்ளையா இருக்காது. சனியின் வளையம் பெரும்பாலும் ஐஸ். சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் ஐஸ் தாங்காது, ஆவியாகிவிடும். பூமிக்கு மிஞ்சுவது பாறைத் துண்டும் தூசியும்தான். நிலா மாதிரி ஒன்று பூமியின் மையத்திலிருந்து சுமார் 18,000 கி.மீ.க்குள் வந்தால், பூமியின் ஈர்ப்பு விசையே அதைப் பிய்த்துப் போட்டுவிடும். 'ரோஷ் எல்லை' என்பது இதுதான். வளையம் அதற்குள்தான் நிலைக்கும்.

அதுவும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. ஈக்வடாரின் கீட்டோ நகரில் நிற்பவருக்கு அது தலைக்கு மேல் ஒரு மெல்லிய கோடு. வட துருவத்தில் எதுவுமே தெரியாது. சென்னை, தஞ்சாவூர்க்காரர்களுக்கோ தெற்கு வானில் கிழக்கு முதல் மேற்கு வரை அகலமான வளைவு. கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றும். சிக்கலே அங்கேதான்.

டிசம்பர் மதியத்தில் சூரியனும் தெற்கே சாய்ந்து நிற்கும். சென்னையில் அடிவானத்திலிருந்து சுமார் 53 டிகிரி உயரம். வளையம் குறுக்கே வருவதும் அங்கேதான். அது அடர்த்தியா இருந்தால், வாரக்கணக்கில் நண்பகலிலேயே மங்கல் வெளிச்சம். டெல்டாவில் சம்பா நெல் பால் பிடித்து முற்றுகிற நேரம் அது. மணி நிரம்ப வெயில் வேணும். மழை மேகம் போதாதென்று இது வேற! சரி, கத்திரி வெயிலுக்காவது நிழல் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. அப்போது சூரியன் வடக்கே வந்துவிடும், வளையத்தின் நிழல் தென் அரைக்கோளத்துக்குப் போய்விடும்.

இதெல்லாம் வெறும் கற்பனை இல்லை. சுமார் 46.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு நிஜமாகவே வளையம் இருந்திருக்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டாம்கின்ஸ் குழு 2024இல் சொன்னது. அந்தக் காலத்து 21 விண்கல் பள்ளங்களும் அன்றைய நிலநடுக்கோட்டை ஒட்டியே இருந்தன என்பது அவர்களின் ஆதாரம். பின்னால் வந்த கடும் பனியுகத்துக்கு வளையத்தின் நிழலும் ஒரு காரணமா இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். இன்னும் நிரூபணமாகவில்லை.

புவி வெப்பத்தைக் குறைக்க செயற்கையாகவே ஒரு வளையம் போடலாம் என்ற யோசனையும் உண்டு. ஜெரோம் பியர்சனும் சகாக்களும் 2006இல் 'ஆக்டா ஆஸ்ட்ரோநாட்டிகா' இதழில் அதை எழுதினார்கள். கேட்க ஸ்மார்ட்டான ஐடியா. ஆனா, சராசரி வெப்பம் எத்தனை டிகிரி குறையும் என்ற கணக்கு மட்டும் போதாது. நிழல் எல்லோர் மேலும் சமமாக விழாது. எந்த அட்சரேகையில், எந்த மாதத்தில், எந்தப் பயிர் மேல் விழும், அதற்கு யாரிடம் சம்மதம் கேட்பார்கள் என்பதை இந்த ஐடியாவோடு வருபவர்கள் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.