சிபியு 40 சதவீதம்தானாம், அப்போ தப்பு என் மேலயா?

டிஸ்கி: நான் பி.காம். கம்ப்யூட்டர் படிக்கிற மக்கள் கட்டையைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி முழுசா படிச்சுடுங்க :)

ஒரு தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள். மஞ்சக்குப்பத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, திரையில அந்தச் சக்கரம் சுத்துறதையே பார்த்துட்டிருந்தேன். பணம் ரெண்டு தடவை போச்சு. ரசீது ஒண்ணுகூட வரலை. புகார் அனுப்பினேன். பதில் வந்தது: "எங்கள் சர்வர் ஃபால்ட் டாலரன்ட் முறையில் இரட்டையாக இயங்குகிறது. அன்று சிபியு பயன்பாடு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. உங்கள் இணைப்பைச் சரிபார்க்கவும்."

இடத்தோட பேர் வேண்டாம். அங்கே உள்ளே என்ன நடந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்த 40 சதவீதம் ஒரு ஆதாரமே இல்லைன்னு அடிச்சுச் சொல்வேன்.

விர்ச்சுவல் மெஷின்னா, ஒரு பெரிய சர்வருக்குள்ள மென்பொருளாலயே உண்டாக்கின கம்ப்யூட்டர். அதையே இன்னொரு சர்வர்ல நகலா ஓட விட்டு, ஒண்ணு செத்தா இன்னொண்ணு அப்படியே தொடர்றதுதான் ஃபால்ட் டாலரன்ஸ். விஎம்வேர் இதை 2009ல விஸ்ஃபியர் 4ல கொண்டு வந்தாங்க. எப்படிச் செஞ்சோம்னு அவங்க பொறியாளர்களே 2010ல ஒரு கட்டுரையும் எழுதினாங்க. முதல் மெஷினுக்கு வர்ற ஒவ்வொரு தகவலும் பதிவாகி நகலுக்குப் போகும், நகல் அதையே திரும்பச் செய்யும். முதல் மெஷின் வெளியே எதையாவது அனுப்பணும்னா, அது சம்பந்தப்பட்ட பதிவு கிடைச்சுதுன்னு நகல் சொல்லணும். அதுவரைக்கும் உங்க ரசீது கிளம்பாது.

இப்போ நகல் இருக்கிற சர்வர்ல வேற நாலு மெஷின் சேர்ந்து நெருக்குதுன்னு வைங்க. நகல் பின்தங்கும். ஒரு நொடிக்கு மேல பின்தங்கினா, முதல் மெஷினுக்குக் கொடுக்கிற பிராசசர் நேரத்தைக் கொஞ்சம் குறைப்போம்னு அந்தக் கட்டுரையிலயே எழுதியிருக்காங்க. நல்லா ஓடுற மெஷினுக்கு வேணும்னே பிரேக்! தப்பில்லை, வேற வழியும் இல்லை. ஆனா முதல் மெஷினுக்குள்ள உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தெரியாது. உள்ளே காட்டுற சதவீதம், தனக்குக் கிடைச்ச நேரத்துல எவ்வளவு உழைச்சதுங்கிற கணக்கு. கிடைக்காம போன நேரம் அதுல வராது. நகலோட பதிலுக்குக் காத்திருந்தா பிராசசர் சும்மா இருக்கிற மாதிரிதான் தெரியும்.

தேவனாம்பட்டினத்துல யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிடுவாங்க. இரட்டைமடி வலையை ரெண்டு படகு சேர்ந்து இழுக்கும் (அது தடை செஞ்ச வலை, அந்தச் சண்டை தனி). ஒரு படகு இன்ஜின் திணறினா, இன்னொண்ணு வேகத்தைக் குறைச்சே ஆகணும். குறைச்சவன் "என் இன்ஜின் நல்லாத்தான் இருக்கு"ன்னா சிரிக்க மாட்டாங்களா?

இதைவிடக் கூத்து பிராசசர் கவுண்டர்கள். எத்தனை கட்டளை முடிஞ்சது, எத்தனை தடவை கேஷ்ல தகவல் கிடைக்கலைன்னு எண்ற கவுண்டர்கள் பிராசசருக்குள்ளயே இருக்கு. ரெண்டாவது எண்ணிக்கை ரெண்டு சர்வர்லயும் ஒண்ணா இருக்காது. ஒரு புரோகிராம் அதைப் படிச்சு, ஆளுக்கொரு எண் வந்தா ரெண்டு மெஷினும் வேற வேற பாதையில போயிடும். அதனால முதல் மெஷினுக்கு வந்த எண்ணையே நகலுக்கும் கொடுத்தாகணும். ஆக, நகலுக்குள்ள நாடி பிடிச்சா தெரியறது அடுத்தவன் நாடி!

2015ல விஸ்ஃபியர் 6ல முறை மாறிச்சு. ஒவ்வொண்ணையும் திரும்பச் செய்யாம, மாறின நிலையை அடிக்கடி நகலுக்கு அனுப்புறாங்க. ஆனா நகல் ஒப்புக்கொள்ற வரைக்கும் வெளியே போற பாக்கெட் நிக்குறது அப்படியேதான்.

"ரெண்டு மடங்கு காசு போட்டிருக்கோம், அப்புறம் என்ன?"ன்னு கேட்கறவங்களுக்கு 2021 பிப்ரவரி 24ஐ ஞாபகப்படுத்தறேன். இது விர்ச்சுவல் மெஷின் கதை இல்லை, ஆனா ஜோடிக் கதைதான். தேசியப் பங்குச் சந்தையில காலை 11.40க்கு வர்த்தகம் நின்னு, சாயங்காலம் 3.45க்குத்தான் திரும்ப ஆரம்பிச்சது. வர்த்தகம் நடத்துற மெஷினுக்கு ஒண்ணும் ஆகலை. தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறி, ரிஸ்க்கைக் கண்காணிக்கிற அமைப்பு கிடைக்காம போனதால நிறுத்த வேண்டியதாச்சு. வர்த்தக மெஷினோட சிபியுவை மட்டும் பார்த்திருந்தா அன்னைக்கும் எல்லாம் நலம்தான்.

அளக்கக் கருவி இல்லாமலா? நகல் எவ்வளவு பின்தங்குதுன்னு விஸ்ஃபியர் திரையே காட்டியிருக்கு. வேலை இருந்தும் பிராசசர் கிடைக்காம காத்திருந்த நேரம் "ரெடி டைம்"னு ரெண்டு சர்வர்லயும் தனித்தனியா கிடைக்கும். திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

எங்க பாடத்துல பேங்க் ரீகன்சிலியேஷன்னு ஒண்ணு உண்டு. கேஷ் புக்கையும் பாஸ் புக்கையும் பக்கத்துல வெச்சு வித்தியாசம் ஏன்னு கண்டுபிடிக்கணும். கேஷ் புக்கை மட்டும் காட்டி "கணக்கு சரி"ன்னு எழுதினா முதல் வருஷத்துலயே முட்டை.

நான் திரும்ப எழுதிட்டேன்: அன்னைக்கு மதியம் 3லிருந்து 5 வரை நகலோட பின்தங்கல் எவ்வளவு, ரெண்டு சர்வர்லயும் ரெடி டைம் எவ்வளவு? பதினெட்டு நாள் ஆச்சு. ஒரு தடவை போன பணம் மட்டும் திரும்பி வந்திருக்கு.