மேகத்துக்கு வரியில்லை

சனிக்கிழமை வந்தால் வக்கீல் கேஸ் கட்டுகளை மூடிவிடலாம்; உபாத்தியாயர் பிரம்பைக் கீழே வைத்துவிடலாம். போட்டோ பிடிப்பவருக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. ஆற்றங்கரைக்கு உலாவப் போனாலும், "காமிரா கொண்டு வந்திருக்கிறீரா? குழந்தையை ஒரு படம் எடுத்துவிடுமே!" என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள். ஆயினும், வேலையில் மழுங்கிய பார்வை அத்தகைய ஓய்வு நாட்களிலேதான் கூர்மை பெறுகிறதென்பது நம் கட்சி. அதற்குச் சாட்சியாக ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்னும் அமெரிக்கரை அழைக்கிறோம்.

இவர் நியூயார்க் நகரில் பிறருடைய கலைக்காகவே நெடுங்காலம் உழைத்தவர். 1903 முதல் 1917 வரை 'காமிரா ஒர்க்' என்ற பத்திரிகையை நடத்தினார். ஐந்தாவது அவென்யூவில் 291-ம் இலக்கத்தில் ஒரு சிறு சித்திரசாலை வைத்து, மாட்டிஸ், பிக்காஸோ முதலியோரின் சித்திரங்களை அமெரிக்கர்களுக்குக் காட்டினார். பத்திரிகை நடத்தும் சுகம் நமக்குத் தெரியாததல்ல! அவருடைய சந்தாதாரர் தொகை கடைசியில் நாற்பதுக்கும் கீழே இறங்கியது. 1917-ல் பத்திரிகையும் நின்றது, சித்திரசாலையும் மூடப்பட்டது. அதன் பின்னரே அவர் தம் சொந்தக் கலையில் மீண்டும் முழுமனத்துடன் இறங்கினார்.

லேக் ஜார்ஜ் என்ற ஏரிக்கரையில் அவருடைய குடும்பத்தாருக்கு ஒரு பண்ணை வீடு உண்டு. கோடை தோறும் அங்கே போவது வழக்கம். 1922-ம் ஆண்டுக் கோடையில் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தாயாரோ மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு ஓர் இளம் எழுத்தாளர், ஸ்டீக்லிட்ஸின் படங்களில் உள்ள சக்தி காமிராவினுடையதன்று, எதிரில் உட்காருகிறவர்களை அவர் மனோவசியம் செய்துவிடுகிறார் என்று கருத்துச் சொல்லியிருந்தார். நாற்பது வருஷ உழைப்பைக் கண்கட்டு வித்தை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அவர் சண்டைக்குப் போகவில்லை. காமிராவை வானத்தை நோக்கித் திருப்பினார். மேகத்தை யாரும் வசியம் செய்ய முடியாதல்லவா! மேகங்கள் எல்லோருக்கும் பொது, அவற்றுக்கு இன்னும் வரி போடவில்லை என்றும் வேடிக்கையாக எழுதினார். உப்புக்கே வரி கட்டிய நம் தேசத்தாருக்கு இதன் சுவை நன்றாகப் புரியும்.

ஆனால் மேகத்தைப் படமெடுப்பது எளிதன்று. பழைய பிளேட்டுகளில் நீல வானமும் வெண்மையாகவே விழும்; வெள்ளை மேகம் அதில் கரைந்து போகும். எல்லா நிறங்களையும் உணரும் பிளேட்டுகள் வந்த பிறகே இந்தத் தொல்லை குறைந்தது. அவ்வருஷம் எடுத்த பத்து மேகப் படங்களுக்கு 'சங்கீதம்' என்று பெயரிட்டார். மறு வருஷம் கையடக்கமான காமிராவுக்கு மாறினார். பிறகு பல ஆண்டுகள் மேகங்களை விடவேயில்லை. சில படங்களில் எது மேல், எது கீழ் என்றே சொல்ல முடியாது. அவரே ஒரே படத்தை வெவ்வேறு பக்கமாகத் திருப்பி ஒட்டியதுண்டு.

போட்டோவைக் கலையென்று ஏற்க அமெரிக்காவின் பெரிய கலைக்கூடங்கள் தயங்கிய காலம் அது. பாஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் இந்தியக் கலைப் பகுதியைப் பார்த்துவந்த ஓர் அறிஞர் தயங்கவில்லை. அவருடைய முயற்சியால் 1924-ல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அங்கே இடம் பெற்றன. அந்த அறிஞர் கொழும்பில் பிறந்தவர். ஸர் முத்து குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி.