சுவைக்குத் தீர்ப்பு உண்டா?

சுவையைப் பற்றி வழக்காடுதல் ஆகாது என்பது இலத்தீன் முதுமொழி. உணவுக்கு அது பொருந்தலாம். நூலுக்குப் பொருந்தும் என நாம் ஏற்பதற்கில்லை. ஒரு நூலை நன்று என்பவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். தீது என்பவரும் அவ்வாறே. மாயப் புனைகதைகள் இலக்கியமா, வெறும் பொழுதுபோக்கா என மேலைநாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் பூசலில் இக்கடமையை மறந்தோரே மிகுதி.

ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தீய ஆற்றல் பொதிந்த மோதிரமொன்றை அழிப்பதற்காக ஃப்ரோடோ என்னும் எளிய சிற்றுருவன் மேற்கொள்ளும் பயணமே அதன் கதை. கவிஞர் ஆடன் அதனைப் போற்றினார். திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1956இல் சிறுபிள்ளைக் குப்பையெனத் தள்ளினார். 1961ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு சி. எஸ். லூயிஸ் டோல்கீனின் பெயரை முன்மொழிந்தார். கதை சொல்லும் திறம் போதாது என்று பரிசுக் குழு அதனை ஒதுக்கிய செய்தி, 2012இல் ஆவணங்கள் திறக்கப்பட்டபோது வெளிவந்தது. ஆயினும் 1997இல் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தக நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில், நூற்றாண்டின் தலைசிறந்த நூலாக வாசகர்கள் தெரிந்தெடுத்தது இதனையே. தாம் அஞ்சிய கெட்ட கனவு பலித்துவிட்டதாக எழுத்தாளர் ஜெர்மைன் கிரீர் மனம் வெதும்பினார்.

இங்கே பிழைபட்ட நீதிமன்றங்கள் மூன்று உள்ளன. முதலாவது, கூட்டத்தின் நீதிமன்றம். பலர் விரும்பினர் என்பதனால் நூல் சிறந்ததாகிவிடாது. இரண்டாவது, ஏளனத்தின் நீதிமன்றம். ஹாரி பாட்டர் நூலை வாங்கிய மூன்றரைக் கோடிப் பேரும் தவறலாமோ என்று வினவி, ஆம் என்று விடையிறுத்து 2000இல் எழுதினார் ஹரால்ட் புளூம். தவறலாம்தான்; ஆனால் வாசகரைப் பழிப்பது நூலை ஆராய்வதாகுமோ?

மூன்றாவது நீதிமன்றம் நம் இல்லத்திலேயே உள்ளது. டோல்கீன் கத்தோலிக்கர். தம் நூல் அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கமானது என்று 1953இல் இயேசு சபையைச் சேர்ந்த நண்பர் ராபர்ட் முர்ரேக்கு எழுதியவர். அது ஒன்றையே சான்றாக ஏந்தி, படியாமலே புகழ்வோர் நம்மிடையே உண்டு. மறுபுறம், மந்திரவாதி வருகின்றான் என்ற ஒரே காரணத்தால் இத்தகைய நூல்களைப் படியாமலே இகழ்வோரும் உண்டு. இவ்விருவரும் ஒரே தவற்றின் இரு முகங்கள். திருமுழுக்குச் சான்றிதழ் நல்ல உரைநடைக்குச் சான்றாகாது.

அழகுக்கு முழுமை, இசைவு, ஒளி ஆகிய மூன்றும் வேண்டுமென்றார் புனித தோமா அக்குவினார். இவ்வளவுகோலைக் கொண்டே நூலின் பக்கங்களை அளந்து பார்ப்போம்.

நடை பழமைப்பட்டது என்பது ஒரு குற்றச்சாட்டு. ஃப்ரோடோவின் ஊரார் அடுப்படிப் பேச்சுப் பேசுகின்றனர். ரோஹான் நாட்டு அரசனோ பண்டைக் காவிய மொழி பேசுகின்றான். பழங்கால உள்ளம் படைத்த மன்னன் இன்றைய கடைத்தெரு மொழியில் சிந்திக்க இயலாது என்பதே டோல்கீனின் விடை. ஆளுக்கும் சொல்லுக்கும் உள்ள இப்பொருத்தமே இசைவு. மாயக் கதையில் நடையே உலகம். சொல் பொய்த்தால் உலகமும் பொய்க்கும் என்னும் கருத்தை 1973இல் வலியுறுத்தினார் எழுத்தாளர் அர்சுலா லெ குவின். அதே அளவுகோலால் டோல்கீனைப் பாராட்டிய அவர், அரசியல்வாதிகளைப்போல் பேசும் மன்னர்களைப் படைத்தோரைக் கண்டித்தார். ஓர் இலக்கிய வகையை முழுதும் தள்ளாமலும் முழுதும் கொள்ளாமலும் தரம் பிரிப்பது இவ்வாறே.

நன்மையும் தீமையும் சிறுவர் விளையாட்டுப்போல் எளிதாகப் பிரிந்து நிற்கின்றன என்பது மற்றொரு குற்றச்சாட்டு. கதையின் உச்சத்தைப் பாருங்கள். எரிமலையின் விளிம்பில் ஃப்ரோடோ தோற்கின்றான். மோதிரம் தனக்கே என்கின்றான். முன்னர் பில்போவும், பின்னர் ஃப்ரோடோவும் இரங்கிக் கொல்லாமல் விட்ட கோல்லம் என்னும் இழிந்தவன் அதனைப் பறித்துக்கொண்டு நெருப்பில் வீழ்வதனாலேயே உலகம் பிழைக்கின்றது. வீரனின் வலிமை தவறிய இடத்தில் பழைய இரக்கம் வெல்கின்றது. இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்போர் கடைசி அதிகாரங்களைக் கண்ணூன்றிப் படித்தனரா என ஐயுறுகின்றோம்.

குறைகளையும் கூறுவோம். செய்யுட்கள் சில சோர்வு தருகின்றன. பெண்பாத்திரங்கள் மிகச் சிலரே. ஓர்க்குகள் என்னும் படை இனத்தில் ஒருவன்கூட மனந்திரும்புவதில்லை. படைக்கப்பட்ட உயிர் முற்றிலும் மீட்பற்றதாக இருக்கலாமோ என்பது டோல்கீனையே உறுத்திய வினா. அங்கே அவர்தம் உலகின் முழுமையில் விரிசல் உண்டு.

இவ்வளவும் சொன்ன பின்னர், நூல் சிறந்தது என்பதே நம் முடிவு. வாசகர் மறுக்கலாம், மறுப்பதற்குரிய பக்கத்தைக் காட்ட வேண்டும். நம் பங்குகளின் இளைஞர் இத்தகைய நூல்களைக் கையில் எடுக்கையில், விற்பனைக் கணக்கு, அறிஞரின் முகச்சுளிப்பு, ஆசிரியரின் சமயம் ஆகியவற்றைச் சொல்லி வாயடைப்பது பெரியோர்க்கு அழகன்று. எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். விடையைப் பொறுமையோடு செவிமடுங்கள். சுவை வளர்வது அவ்வினாவில்தான்.