லிட்டருக்கு 2 பைசா

பான் மசாலாப் பொட்டலம் அடைக்கும் இயந்திரத்தின் வேகத்தையும் பொட்டலத்தின் எடையையும் கணக்கிட்டு வசூலிக்கப்படும் புதியதொரு செஸ், மக்களின் ஆரோக்கியம், தேசத்தின் பாதுகாப்பு என்ற இரண்டு பெரிய காரியங்களின் பெயரைத் தாங்கி, 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2026 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளுக்கு என்று வாக்களித்து 2017 ஜூலையில் தொடங்கப்பெற்ற ஜி.எஸ்.டி. இழப்பீட்டு செஸ், வாங்கிய கடனை அடைக்கவேண்டும் என்ற காரணத்தால் நீடிக்கப்பட்டு, ஒருவாறு முடிவுக்கு வந்த தருணத்தில், அது விட்டுச்சென்ற இடத்தில் இது வந்து அமர்ந்தது. வாய்ப் புற்றுநோயை விதைக்கும் சரக்கின் தலையில் எவ்வளவு பாரத்தை ஏற்றினாலும் தகும். அதில் எனக்கு அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால், சாதாரண வரியாக வசூலித்து மாநிலங்களோடு பகிர்ந்துகொண்டிருக்கக்கூடிய ஒரு தொகையை, பகிரத் தேவையில்லாத செஸ்ஸாக மாற்றி வசூலிப்பதற்கு ஆரோக்கியத்தின் பெயரையும் ராணுவத்தின் பெயரையும் துணைக்கு அழைப்பதுதான் சகிக்க முடியாததாக இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 270-வது பிரிவு, 2000-ஆம் ஆண்டின் 80-வது திருத்தத்துக்குப் பிறகு, மத்திய வரிகள் அனைத்தையும் மாநிலங்களோடு பங்கிடத்தக்கவை என்று தாராளமாக அறிவித்துவிட்டு, செஸ்ஸையும் சர்சார்ஜையும் மட்டும் அந்தப் பங்கீட்டுக்குப் புறம்பாக நிறுத்திவைத்தது. அந்தச் சிறு வாசல் இன்று ராஜபாட்டை ஆகிவிட்டது. மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் 2011-12இல் 10.4 சதவீதமாக இருந்த செஸ், சர்சார்ஜ் பங்கு 2019-20இல் 20.2 சதவீதத்தை எட்டியது. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14-வது நிதிக் குழு 42 சதவீதத்தை மாநிலங்களுக்குக் கொடு என்றது, என்.கே. சிங் தலைமையிலான 15-வது குழு 41 என்றது. கொடுப்பவர் விகிதத்தில் கைவைக்கவில்லை. எதில் விகிதம் கணக்கிடப்படுகிறதோ அந்த மூலத்தையே கரைத்துவிட்டார்.

இதைப் பெட்ரோலைக் கொண்டு பார்த்தால் எந்தப் பிரஜைக்கும் விளங்கும். பங்கில் நின்று வண்டிக்கு ஒரு லிட்டர் போடச் சொல்லும் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டிய கணக்கு இது. 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, ஒரு லிட்டர் பெட்ரோலின் மீது மத்திய அரசு விதித்த வரி 21 ரூபாய் 90 பைசா. அதில் சிறப்புக் கூடுதல் கலால் வரி 13 ரூபாய். சாலை, உள்கட்டமைப்பு செஸ் 5 ரூபாய். விவசாய உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 பைசா. இவை மூன்றும் பங்கீட்டுக்கு அப்பாற்பட்டவை. எஞ்சிய அடிப்படைக் கலால் வரியான 1 ரூபாய் 40 பைசா மட்டுமே மாநிலங்களின் கண்ணில் பட்டது. அதில் 41 சதவீதம் என்றால் 57 பைசா. அந்த 57 பைசாவை 28 மாநிலங்கள் பிரித்துக்கொள்ள, 15-வது நிதிக் குழு தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த 4.079 சதவீதப்படி நமக்கு வந்து சேர்ந்தது 2 பைசாவும் சொச்சமும். நாமக்கல்லில் லாரிக்கு நிரப்பிய டீசலுக்கும் இதே கதிதான்: லிட்டருக்கு 17 ரூபாய் 80 பைசா வாங்கப்பட்டது, தமிழ்நாட்டின் பங்கு 3 பைசா.

இந்த நிலை தானாக வந்ததன்று. திட்டமிட்டுக் கொண்டுவரப்பட்டது என்பதற்கு 2018-ஆம் ஆண்டின் பட்ஜெட்டே சாட்சி. அதற்கு முந்தின நாள் வரை பெட்ரோலின் அடிப்படைக் கலால் வரி 6 ரூபாய் 48 பைசா. பட்ஜெட்டில் அதை 2 ரூபாய் குறைத்தார்கள். சாலைக்கென்று இருந்த 6 ரூபாய்க் கூடுதல் வரியை நீக்கி, 8 ரூபாய்க்குப் புதிய சாலை செஸ் போட்டார்கள். மொத்தம் முன்பும் 19 ரூபாய் 48 பைசா, பின்பும் அதே 19 ரூபாய் 48 பைசா. வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு பைசா லாபமில்லை. பங்கிடத்தக்க 2 ரூபாய் மட்டும் பங்கிடத் தகாததாயிற்று. 2021 பிப்ரவரியில் விவசாயத்தின் பெயரால் அதே காரியம் மறுபடியும் நடந்தது. 2 ரூபாய் 98 பைசாவாக இருந்த அடிப்படை வரி அன்றுதான் 1 ரூபாய் 40 பைசா ஆயிற்று.

சரி, பெயர் சொல்லி வாங்கிய பணமாவது அந்தப் பெயருக்குரிய காரியத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? 2018-19ஆம் ஆண்டில் 35 விதமான செஸ், தீர்வைகளின் வழியாக வசூலான 2,74,592 கோடி ரூபாயில், உரிய நிதியங்களில் சேர்க்கப்பட்டது 1,64,322 கோடி மட்டுமே என்று தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். எண்ணெய்த் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கென்று பத்தாண்டுக் காலத்தில் கச்சா எண்ணெயின் மீது வாங்கிய 1,24,399 கோடியில் அந்த வாரியத்துக்கு ஒரு ரூபாயும் போகவில்லை. மாதச் சம்பளக்காரரின் படிவம் 16-ஐ எடுத்துப் பார்த்தால், வரிக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு, அடியில் ஒரு வரியில் ஆரோக்கிய, கல்வி செஸ் 4 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அதன் முன்னோடியான இடைநிலை, உயர்கல்வி செஸ்ஸின் பெயரால் 2016-17 முடிய வசூலான 83,497 கோடியை வைப்பதற்கு, அந்தக் காலம் முழுவதும் ஒரு நிதியம்கூட ஏற்படுத்தப்படவில்லை.

ஊழல் என்றால் மேஜைக்கு அடியில் கைமாறும் கவர் என்றும், லஞ்ச ஒழிப்புத் துறையின் ரசாயனப் பொடி தடவிய நோட்டு என்றும் மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். அன்னதானத்துக்கென்று உண்டியலில் விழுந்த காசை எடுத்துக் கோபுரத்துக்கு வர்ணம் பூசிய தர்மகர்த்தா, தம் வீட்டுக்கு ஒரு காசும் கொண்டுபோகவில்லை என்று சத்தியம் செய்தாலும், ஊர் அவரை மன்னிக்குமா? ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லி வாங்கி, மற்றொரு காரியத்துக்குச் செலவிட்டு, கேட்டால் கணக்கு ஒத்துப்பார்க்கத் தாமதமாயிற்று என்று விளக்கம் சொல்வது (இழப்பீட்டு செஸ்ஸில் 47,272 கோடி உரிய நிதியத்தில் சேராமல் நின்றபோது நிதியமைச்சகம் சொன்ன பதில் இதுதான்) நம்பிக்கைத் துரோகம். கையூட்டு வாங்கும் கிராம நிர்வாக அலுவலருக்குச் சிறை இருக்கிறது. இதற்குத் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவுகூட இல்லை.

செஸ் பணம் மத்திய அரசின் திட்டங்கள் மூலமாக மாநிலங்களுக்கே திரும்பி வருகிறது என்று வாதிக்கும் பொருளாதார நிபுணர்களுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் வரவேண்டிய 2,152 கோடி நிறுத்திவைக்கப்பட்டது. கல்வி செஸ் கட்டிய தமிழ்நாட்டு ஊழியரின் பணம், அதே தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிக்கு வருவதற்கு நிபந்தனை விதிக்கப்படுகிறது. உரிமையாக வரவேண்டியதை உபகாரமாக மாற்றுவதற்கு உபயோகப்படும் கருவியைத்தான் அவர்கள் நிதி ஒழுங்கு என்கிறார்கள். பாதுகாப்புச் செலவு பெருகிவிட்டது என்பவர்கள், நேராகச் சொல்லி நேரான வரியைப் போடட்டும்.

மாநிலங்களும் உத்தமர்களல்லர் என்பதை மறைப்பதற்கில்லை. 1948-இல் சென்னை ராஜதானி இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் பயனாக, நம் வீட்டு வரி ரசீதில் இன்றும் நூலக வரிக்குத் தனிக் கலம் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு நூலகத் துறைக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கும் மாநகராட்சிகளையும் ஊராட்சிகளையும் பற்றிய செய்தி வராத ஆண்டில்லை. சந்தா கட்ட வழியின்றிப் பத்திரிகைகளை நிறுத்திய கிளை நூலகத்தின் வெற்று மேஜையில்தான் அந்தப் பாக்கியின் விளைவு தெரியும். பெரியவர் காட்டிய வழியில் சிறியவர் போகிறார். குற்றம் இரண்டு பேருக்கும் உண்டு, ஆனால் தொகையின் அளவில் இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே, இந்தச் செஸ்ஸைக் குறை, அந்தச் செஸ்ஸுக்குக் காலவரம்பு வை என்று மன்றாடுவதில் பிரயோஜனமில்லை. செஸ், சர்சார்ஜ் இரண்டையும் பங்கீட்டுக்குள் கொண்டுவருமாறு 270-வது பிரிவைத் திருத்தவேண்டும். திருத்தும் வரை, உரிய நிதியத்தில் சேராத செஸ் பணத்தை அந்த நிதியாண்டு முடியும் நாளில் மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுக்கச் சட்டம் வேண்டும். இது ஒன்று நடந்தால் மாநிலங்கள் கடனுக்குக் கையேந்தும் அவசியம் குறையும். மதுக்கடை வருமானத்தை நம்பிச் சர்க்கார் நடத்தும் அவமானமும் கொஞ்சம் குறையும். பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் டில்லியில் தொடங்கி ஊராட்சி வரையில் இறங்கும். அடுத்த கூட்டத்தொடரில் இந்தத் திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாகவேனும் கொண்டுவரத் தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் இருக்கும் தடை என்ன?