‘நொய்யல் என்ன காவிரியா?’

திருப்பூரில் சாயப்பட்டறைப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்: “நொய்யல் என்ன காவிரியா? மழ பேஞ்சா ஓடும், இல்லீன்னா காஞ்சு கெடக்கும். அதுல சாயத்தண்ணி போனதால என்னங்க கெட்டுப்போச்சு?”

மழையை நம்பிய ஆறு என்பது சரிதான். வெள்ளியங்கிரியில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும்வரை அதன் குணம் அது. முன்னோர் அதை அறிந்தே சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளில் வெள்ளத்தைத் திருப்பிக் குளங்களில் நிறைத்தார்கள். உக்கடம், சிங்காநல்லூர், சூலூர் குளங்கள் அந்த ஏற்பாடுதான். இதே ஆற்றங்கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கினார்கள், கல்மணி செய்தார்கள். ஒன்றுக்கும் உதவாத ஓடைக்கரையில் நடக்கிற வேலையா அது?

அடுத்து, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட்டாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. அலசுகிற தண்ணீரோடு முழுக்க வெளியே வந்துவிடும். சுண்ணாம்பு போட்டு நிறத்தை எடுக்கலாம், உப்பை அப்படி எடுக்க முடியாது. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரும் கிணற்றைக் கெடுப்பது இப்படித்தான். பெரிய ஆறாக இருந்தால் கொஞ்சமாவது கரைத்துக்கொண்டு போகும். வருடத்தில் பாதி நாள் காய்ந்து கிடக்கிற ஆற்றில் விட்டால் அது அப்படியே மண்ணில் இறங்கும். அவர்கள் சாக்காகச் சொல்வதுதான், சாயத்தண்ணீரை விடவே கூடாது என்பதற்கு முதல் காரணம்.

சந்தேகம் இருந்தால் நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையைப் பாருங்கள். பாசனத்துக்காக 1992-ல் கட்டியது, சாயக்கழிவுத் தொட்டியானது. அந்தத் தண்ணீரைத் திறந்து விடாதீர்கள் என்று விவசாயிகளே போராடினார்கள். ஆயக்கட்டுக்காரர்கள் நீதிமன்றம் போகாமல் என்ன செய்வார்கள்?

‘கட்டுப்பாடு வந்தால் தொழில் போய்விடும்’ என்பது இன்னொரு பயமுறுத்தல். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அடி பலமானது, தொழிலாளிகள் வேலை இழந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சொட்டுக் கழிவும் வெளியேற்றாத முறைக்கு மாறிய பிறகு பனியன் ஏற்றுமதி முன்பைவிடப் பெருகியது.

‘அதோடு எல்லாம் சரியாகிவிட்டது’ என்பதையும் நம்ப வேண்டாம். இன்று நகருக்குள் ஓடுவதில் பெரும்பகுதி வீட்டுச் சாக்கடை. அதைச் சுத்திகரிக்காமல் விடுவதற்கு ஏற்றுமதியாளரைக் குறை சொல்ல முடியாது. மாநகராட்சியைத்தான் கேட்க வேண்டும்.